கோலாச் பாறைக்கு நாற்பதாம் நாள்

கோலாச் என்று ஒரு பாறை கடலில் இருக்கிறது என்பது, அது கைவிட்டுப் போன அன்றுதான் நாட்டுக்குத் தெரியவந்தது.

அன்று காலை வானொலியில் செய்தி வாசித்த பெண் முதலில் பாறையின் பெயரைத் தப்பாகச் சொன்னாள். பிறகு திருத்திச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்குத் தொண்டை கம்மிவிட்டது. எங்கோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருக்கும் நடுவர் மன்றம், பல வருஷமாக யாரும் கவனிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த எல்லை வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். வளைகுடாவின் வாயில், நம் கரைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் கிடக்கும் கோலாச், எதிர்க்கரை நாட்டுக்கே சொந்தமாம்.

மதியத்துக்குள் லூகோவா கிராமத்துக் காப்பிக்கடையில் எல்லோருக்கும் அந்தப் பாறை ஞாபகம் வந்துவிட்டது. மீன் விற்கும் பெரோ, தன் தகப்பனார் தன் தாயாரிடம் மனசைத் திறந்து பேசியதே கோலாச்சின் மேல்தான் என்றான். அவன் தகப்பனாருக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும் என்பது ஊருக்கே தெரியும். அன்று யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

கிர்ஸ்தோவுக்கு மட்டும் கோலாச்சை ஞாபகப்படுத்திக்கொள்ளும் சிரமம் இருக்கவில்லை. அவனுடைய பதினொரு வெள்ளாடுகள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கரையில் கோடை வந்தால் ஆடுகளைப் பாறைத் தீவுகளில் இறக்கிவிடுவது வழக்கம். ஓநாய் இல்லை, வேலி வேண்டாம், யாருடைய தோட்டத்தையும் மேய்ந்துவிட்டு வந்து வம்பு இழுக்காது. வாரம் ஒருமுறை பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் போதும். ஆனால் இலையுதிர் காலத்தில் யூகோ என்னும் தெற்குக் காற்று கிளம்புவதற்குள் ஆடுகளைக் கரை சேர்த்துவிட வேண்டும். யூகோ அடித்தால் அலை கோலாச்சின் தலைக்கு மேலே ஏறிப் போகும். கிர்ஸ்தோவின் தகப்பனார் ஒரே ஒரு வருஷம் தாமதித்தார். அதற்கு அடுத்த நாலு வருஷம் அவர் அடுத்தவர் ஆட்டை மேய்த்தார்.

எனவே தீர்ப்பு வந்த மறுநாள் கிர்ஸ்தோ படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். பாறை யாருடையதாக இருந்தாலும் ஆடு தன்னுடையதுதானே என்பது அவன் கணக்கு. பாதி வழியில் ரோந்துப் படகு வந்து குறுக்கே நின்றது. அதன் தலைவன் கண் சிவந்து வீங்கிப் போயிருந்தான்.

“எங்கண்ணே போறீங்க?”

“ஆட்டைக் கூட்டிட்டு வர.”

“எந்த ஆட்டை?”

“என் ஆட்டைத்தான்.”

“நேத்து வரைக்கும் உங்க ஆடு. இப்ப அது நம்ம மக்கள்.”

அவன் பொறுமையாக விளக்கினான். கோலாச்சில் நம் நாட்டுக்கு ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை, ஒரு கல்லறைகூட இல்லை. இருப்பதெல்லாம் பதினொரு ஆடு. அவற்றையும் அழைத்து வந்துவிட்டால் நாமே காலி செய்துகொண்டு வந்ததாக உலகம் சொல்லும். தண்ணீருக்கு என்ன செய்வது என்று கிர்ஸ்தோ கேட்டான். தண்ணீரை இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அவன் சொன்னான். சொன்னபடியே அந்த வாரம் ரோந்துப் படகு தண்ணீரோடு ஒரு மலர்வளையத்தையும் ஏழு பேர் கொண்ட ஊதுகுழல் குழுவையும் ஏற்றிக்கொண்டு போனது. மக்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு மலர்வளையத்தைத் தின்றார்கள்.

கிர்ஸ்தோ வீட்டில் அவனுக்குத் துணையென்று இருந்தவள் ஸ்தானா, அவனுடைய இறந்துபோன அண்ணனின் மனைவி. ஒரே முற்றத்தில் எதிரெதிர் வாசலில் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு ஸ்தானாவைத்தான் கூப்பிடுவார்கள். செய்தி கேட்டு அவள் வாசலில் நின்று பூண்டை உரித்தபடியே சொன்னாள்: “இத்தன வருஷம் நீங்க ஆடு மேய்ச்சீங்க கொழுந்தனாரே. இனிமே ஆடு நாட்டை மேய்க்கும். நீங்க வேடிக்கை பாருங்க.”

ரோந்துப் படகுத் தலைவன், தலைநகரத்தில் இறையாண்மை உணர்வு நிறுவனம் என்று ஒன்று இருப்பதாகவும், ஆடு விஷயமாக அனுமதி தரக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான் என்றும் சொல்லியிருந்தான். கிர்ஸ்தோ கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினான்.

நிறுவனம் பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் இயங்கிவந்தது. நுழைந்ததும் இடப்பக்கம் பெருமிதப் பிரிவு, வலப்பக்கம் ஏக்கப் பிரிவு, மாடியில் புண்பட்ட மானப் பிரிவு. ஆத்திரப் பிரிவு மட்டும் அன்று பூட்டிக் கிடந்தது. ஊழியர்களுக்குள் ஏதோ தகராறாம். கிர்ஸ்தோ எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் நின்றான். ஏக்கப் பிரிவிலிருந்து மிலேவா என்ற அதிகாரி வந்து அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அன்பாகத்தான் பேசினாள். பேசும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். அது பயிற்சியில் கற்றுக்கொடுத்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. பச்சைப் பசேலென்ற தீவு, உச்சியில் மூன்று பைன் மரம், கீழே வெண்மணல். அதைக் காட்டி, இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று மிலேவா கேட்டாள்.

“இது கோலாச் இல்லம்மா.”

“தெரியும். கோலாச் படத்துல அவ்வளவு நல்லா விழல. வரைபடத்துறைல குடுத்தாங்க, பார்த்தா பல்லு மாதிரி இருந்துச்சு. இதப் பார்த்துத்தான் ஆபீஸ்ல எல்லாரும் உருகிப் பழகியிருக்கோம். நீங்களும் இதயே பாருங்க. என்ன தோணுது?”

கிர்ஸ்தோ உண்மையாகவே யோசித்தான். “புல்லு நல்லாருக்கு. ஆடு விடலாம்.”

அவள் முகம் வாடியது. உடம்பில் எங்கேயாவது ஏதாவது செய்கிறதா என்று விடாமல் கேட்டாள். நெஞ்சில், தொண்டையில், எங்கேயாவது.

“இடுப்புல.”

“இடுப்புலயா?”

“கோலாச்சுக்குத் துடுப்புப் போட்டுப் போய்வந்தா ரெண்டு நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கும்.”

மிலேவா எழுந்து நின்றுவிட்டாள். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள். பெருமிதத்திலிருந்தும் மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். இந்த நாட்டில் கோலாச்சுக்காக உடம்பு வலிக்கும் மனிதன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியது. ஒரு வயதான குமாஸ்தா கிர்ஸ்தோவின் இடுப்பை மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார்.

இப்படித்தான் அவன் இயக்குநர் டாக்டர் பிளாகோத்தாவின் அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்டான். இயக்குநர் பெரிய உடம்புக்காரர். கண்ணோரம் எப்போதும் ஒரு துளி ஈரம் தயாராக இருக்கும். கிர்ஸ்தோ ஆடு என்ற சொல்லைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“மண்ணை மூளையால நேசிக்க முடியாது, கிர்ஸ்தோ. மூளைக்கு வரைபடம் பார்க்கத் தெரியும். அதுதான் சிக்கலே. நான் இருபது வருஷமா இந்த நாட்டோட ஒவ்வொரு அங்குலத்தையும் நேசிச்சுக்கிட்டு இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கேன். கோலாச்சை ஒரு தடவகூட நேர்ல பார்த்ததில்ல. பார்த்திருந்தா இந்த அளவுக்கு நேசிச்சிருப்பேனான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. நேசம் சுத்தமா இருக்கணும்னா தூரத்துல இருக்கணும். இழந்துட்டா இன்னும் சுத்தம். நம்ம நிறுவனத்துக்கு இதுக்கு முன்னால இவ்வளவு நல்ல வாய்ப்பு வந்ததே இல்ல.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். நடுவர் மன்றத்தின் விதிகளில் ஒரு சந்து இருக்கிறது. அந்த நிலத்தோடு மக்களுக்குப் பிரிக்க முடியாத மனப்பிணைப்பு உண்டு என்று இரண்டு மாதத்துக்குள் நிரூபித்தால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம். அயல்நாட்டுப் பார்வையாளர் ஒருவர் வந்து நேரில் பார்த்து எழுதுவார். ஆகவே உடனே கண்ணீர் வேண்டும். நிறுவனம் முயன்று பார்த்துவிட்டது. பள்ளிக்கூடங்களில் கோலாச் தினம் கொண்டாடினார்கள், பிள்ளைகள் விடுமுறை கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துத் தொலைத்தன. சோககீதம் ஒன்றை எழுதி இசையமைக்க வைத்தார்கள், மூன்றாம் நாள் ஜனங்கள் அதற்குக் கை தட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

“நீங்க ஜனங்களோட ஜனங்களா இருக்கறவரு. சொல்லுங்க. உங்க ஊர்ல மனுஷங்க நிஜமா, மனசு விட்டு, எப்ப அழுவாங்க?”

சாயங்காலப் பேருந்து கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது. கிர்ஸ்தோ அதிகம் யோசிக்கவில்லை.

“சாவு வீட்ல,” என்றான்.

டாக்டர் பிளாகோத்தா கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது கண்ணோரத்துத் துளி கன்னத்தில் இறங்கியிருந்தது.

அந்த வாரமே இயக்குநரும் மிலேவாவும் லூகோவாவுக்கு வந்து ஸ்தானாவின் சமையலறையில் உட்கார்ந்தார்கள். நாடு தழுவிய துக்கம், கடற்கரையில் ஒப்பாரி, பார்வையாளருக்கு முதல் வரிசையில் நாற்காலி. ஸ்தானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“செத்தது யாரு?”

“கோலாச்,” என்றார் இயக்குநர்.

“என்ன மாதிரி ஆளு?”

இயக்குநர் மிலேவாவைப் பார்த்தார். மிலேவா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கண்டத்திட்டின் மீதான உரிமை, மீன்பிடி மண்டலம், கப்பல் வழித்தடத்தின் முக்கியத்துவம் என்று வாசித்தாள்.

“இதச் சொல்லி நான் அழுதா எங்க வீட்டு நாய்கூட திரும்பிப் பார்க்காது,” என்றாள் ஸ்தானா. ஒப்பாரி என்றால் சும்மா கத்துவது இல்லை என்று விளக்கினாள். போனவர் எதை விரும்பிச் சாப்பிடுவார், யாரோடு முறைத்துக்கொள்வார், மழை வந்தால் என்ன செய்வார், இப்படி நாலு விஷயம் தெரிந்தால்தான் அழுகை வரும். தெரியாதவருக்கு அழுது அவளுக்குப் பழக்கமில்லை.

இயக்குநர் கையைப் பிசைந்தார். கடைசியில் ஸ்தானா கிர்ஸ்தோவின் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. பழகினது நீங்கதானே.”

பழக்கம் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மேல்பக்கம் காட்டுத் துளசி மாதிரி ஒரு செடி மண்டிக் கிடக்கும், நசுக்கினால் கை நாள்பூரா மணக்கும் என்றான். வடக்கில் ஒரு குழிவு இருக்கிறது, வெயில் தாழ்ந்த பிறகும் கல் சூடாக இருக்கும், ஆடுகள் அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஒருமுறை திடீரென்று காற்று மாறியபோது படகை அதற்குப் பின்னால் ஒதுக்கி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான், ஒரு சொட்டுகூட மேலே விழவில்லை. வேறென்ன சொல்ல? யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

“நல்ல மனுஷன்தான்,” என்றாள் ஸ்தானா. “அழறேன். ஆனா ஒண்ணு டாக்டரய்யா. நான் வாயத் திறந்துட்டா அப்புறம் எல்லாம் மொறைப்படி நடக்கணும். பாதியில நிறுத்தினா ஊருக்கு ஆகாது.”

“முறைப்படி நடக்கறதுதானே எங்களுக்கும் வேணும்,” என்றார் இயக்குநர்.

அவர்கள் போனதும் கிர்ஸ்தோ அவளிடம் ஆடுகளைப் பற்றிக் கேட்டான். நாற்பது நாள் முடியாமல் சாவு வீட்டுச் சாமானை வெளியே எடுக்கக்கூடாது, அது முறையில்லை என்று அவள் சொன்னாள். இதுவரை அரசாங்கம் மட்டும்தான் குறுக்கே நின்றது. இப்போது முறையும் சேர்ந்துகொண்டது.

“நாப்பது நாள்னா யூகோ வந்துருமே அண்ணி.”

“வந்தா வரட்டும். நீங்க கைல கருப்புத் துணியைக் கட்டிக்கிட்டு வாயக் கட்டுங்க.”

ஒப்பாரியன்று கடற்கரையில் நிற்க இடமில்லை. தலைநகரத்திலிருந்து பேருந்து பேருந்தாக வந்திறங்கினார்கள். கோலாச்சை அடையாளம் கண்டுகொள்வதில் மட்டும் சிறு குழப்பம். பாதிக் கூட்டம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருந்தது. ரோந்துப் படகுக்காரர்கள் வந்து சரியான திசைக்குத் திருப்பிவிட்டார்கள். அயல்நாட்டுப் பார்வையாளர், நெட்டையான மனிதர், காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு உட்கார்ந்திருந்தார். ஸ்தானா கருப்புத் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு கடல் ஓரமாகப் போய் நின்றாள்.

“கூப்பிட்டா வரமாட்ட, வந்தவங்கள வெரட்டமாட்ட,
சாஞ்சவனத் தள்ளமாட்ட, சாமர்த்தியம் தெரியாதே…
கடலுக்கு முதுகு காட்டிக் காத்தெல்லாம் வாங்கினியே,
கம்பளி ஒண்ணு போத்த ஒனக்கு நாதியத்துப் போச்சே…”

முதலில் உடைந்தவன் பெரோ. அவனைத் தொடர்ந்து முன்வரிசை, பிறகு பின்வரிசை. ஆத்திரப் பிரிவு ஊழியர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சமாதானமானார்கள். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தம் கருவி வழியாக நேரே பார்வையாளரின் காதில் விழுந்தது. ஆனாலும் அவரும் அழுதார். கிர்ஸ்தோ அழவேண்டாம் என்றுதான் இருந்தான். அந்தச் சூடான குழிவைப் பற்றி அவள் பாடியபோது அவனுக்கும் முடியவில்லை. டாக்டர் பிளாகோத்தா மணலில் மண்டியிட்டார், அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

முறை என்பது சரிவில் உருட்டிவிட்ட பீப்பாய். அன்று மாலையே ஊர்ப் பெண்கள் துக்கம் விசாரிக்கக் காப்பிப் பொட்டலமும் சர்க்கரையுமாக வந்தார்கள். செத்தவருக்கு வேறு உறவு இல்லாததால் எல்லாம் கிர்ஸ்தோவின் வீட்டில் வந்து குவிந்தது. அவன் வாசலில் நின்று கை கொடுத்தான். பக்கத்தில் இயக்குநர் நின்றார். துக்க வீட்டில் நிற்பவர் நாற்பது நாள் சவரம் செய்யக்கூடாது என்பதால், நாடே துக்க வீடு என்று வானொலியில் சொன்ன மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஆண்களுக்குத் தாடி முளைத்தது. கல்யாணங்கள் தள்ளிப்போயின. துக்க நாளில் வாத்தியம் ஆகாது என்பதால் ரோந்துப் படகின் ஊதுகுழல் குழுவுக்கு வேலை போயிற்று. ஆடுகளுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் போனது.

மூன்றாம் நாள் எதிர்க்கரையிலிருந்து படகுகள் வந்தன.

அவர்களும் இதே மாதிரி மனிதர்கள்தான். இதே காப்பி, இதே சர்க்கரை, இதே முறை. லூகோவாவில் சாவு என்று கேள்விப்பட்ட பிறகு வராமல் இருக்க அவர்களுக்கு எப்படி மனம் வரும்? அக்கரைத் துறைமுகப் பொறுப்பாளர் இலியா முன்னால் வர, அவருக்குப் பின்னால் அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். மிலேவா இயக்குநரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, இவர்களிடமா துக்கம் வாங்கிக்கொள்வது என்று காதில் கேட்டாள். வாசலுக்கு வந்த துக்கத்தைத் திருப்பி அனுப்பினால் உலகம் நம்மைக் காட்டுமிராண்டி என்று சொல்லும் என்றார் இயக்குநர். அதோடு, எதிரியே நம் சோகத்தை ஒப்புக்கொள்கிறான் என்றால் அது நமக்கு வெற்றிதானே.

அமைச்சர் அவர் கையைப் பிடித்தார். “ஈடு செய்ய முடியாத இழப்பு.”

“உங்களுக்கு ஆயுசு கெட்டியா இருக்கட்டும்,” என்றார் இயக்குநர். பிறந்ததிலிருந்து சாவு வீட்டு வாசலில் சொல்லிப் பழகிய பதில், தானாகவே வாயில் வந்துவிட்டது.

அமைச்சரோடு வந்த ஒல்லியான இளைஞன் ஒருவன் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டான். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டான்.

“போனவரு பேரு என்னங்கய்யா?”

“கோலாச்,” என்றார் இயக்குநர், வானொலி நிருபருக்கும் கேட்கும்படி.

“எப்ப போனாரு?”

“தீர்ப்பு வந்த அன்னிக்கு.”

“போயிட்டாருங்கறதுல ஒண்ணும் சந்தேகமில்லையே?”

“சந்தேகமா தம்பி? நாடே தாடியோட நிக்குது, பார்க்கலியா?”

இளைஞன் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவன் அந்த நாட்டின் வழக்கறிஞன் என்பதைக் கிர்ஸ்தோ படகுத்துறையில் வழியனுப்பும்போதுதான் அறிந்தான். வந்து ஸ்தானாவிடம் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, அந்தப் பையன் ரொம்ப இளைத்திருக்கிறான், நாற்பதாம் நாளுக்கு வந்தால் கூடக் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்றாள்.

நாட்கள் போயின. கிர்ஸ்தோ ஒவ்வொரு காலையும் முற்றத்தில் நின்று தெற்கே முகர்ந்து பார்த்தான். நிறுவனத்தில் புதிதாகப் பலரை வேலைக்கு எடுத்து, உப்புக் கிடங்கின் பின்கட்டில் ஆறாத் துயரப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். இயக்குநர் வாரம் ஒருமுறை வானொலியில் பேசினார். ஒரு தடவை, வழக்கில் வென்று கோலாச் திரும்பி வந்துவிட்டால் இத்தனை உணர்ச்சியையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் தனக்குள்ள ஒரே கவலை என்று சொன்னார். கேட்டவர்களுக்கும் அது நியாயமான கவலையாகவே பட்டது.

நாற்பதாம் நாள் வந்தது. கடற்கரையில் நீளமாக மேசை போட்டு, அவித்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமையும் கலந்து, மேலே பாறையின் உருவத்தை வாதுமையாலேயே அடுக்கியிருந்தார்கள். முறைப்படி அழைப்பு அனுப்பியிருந்ததால் எதிர்க்கரைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அமைச்சர் எழுந்து, போனவருக்கு மண் லேசாக இருக்கட்டும் என்று முறைப்படி சொன்னார். கோலாச்சில் ஒரு பிடி மண்கூட இல்லை என்று கிர்ஸ்தோவுக்குத் தோன்றியது. எல்லோரும் கரண்டியை எடுத்தார்கள்.

அப்போது மிலேவா தொலைபேசியோடு ஓடிவந்தாள். நடுவர் மன்றத்தின் பதில் வந்திருந்தது. இயக்குநர் வாயில் கோதுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார், மெல்லுவது மெல்ல மெல்ல நின்றது. மனப்பிணைப்பு பார்வையாளரின் கண்ணீராலேயே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதாம். ஆனால் மனுதாரர்களே மரணத்தை அறிவித்து, எதிர்த்தரப்பிடமிருந்து அனுதாபத்தை ஏற்று, அதற்கு வாழ்த்தும் சொல்லி, நாற்பதாம் நாள் உணவுக்கு அழைப்பும் அனுப்பியிருக்கிறார்கள். இறந்துவிட்டதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றின்மேல் வழக்கு நடத்த வழியில்லை. மன்றம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.

மேசையின் கோடியில் ஒல்லியான இளைஞன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மிலேவா முதல் தடவையாகத் தலையைச் சாய்க்காமல் ஸ்தானாவிடம் வந்தாள். “அக்கா, இது இப்படி முடியும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அழச் சொன்னீங்க, அழுதேன்,” என்றாள் ஸ்தானா.

அதே நேரம் மேசைத் துணியின் ஓரம் படபடத்தது. கிர்ஸ்தோ எழுந்துவிட்டான். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான, ஈரமான காற்று. கடல் ஈயம் போலக் கறுத்திருந்தது. அவன் ஸ்தானாவைப் பார்த்தான். அவள் கரண்டியால் தட்டில் ஒரு தட்டுத் தட்டினாள், மேசை அடங்கியது.

“நாப்பது முடிஞ்சுது. போனவரு சாமானைப் பிரிச்சுக் குடுக்கணும். அதான் மொற. நெருங்கின சொந்தம் என் கொழுந்தன்தான்னு எல்லாருக்கும் தெரியும், காப்பி சர்க்கரை எல்லாம் அவர் வீட்லதான் வாங்கினோம். சாமான்னு இருக்கறது பதினொரு ஆடு.”

ரோந்துப் படகுத் தலைவன் இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலியா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எங்க எடந்தானே இப்ப. செத்தவர் சாமானை எடுக்க வர்றவங்கள நாங்க என்னிக்குத் தடுத்தோம்? வாங்க, என் படகு பெருசு. காத்து ஏறுறதுக்குள்ள போயிருவோம்.”

போனார்கள். திரும்பி வந்ததை வந்தது என்று சொல்ல முடியாது, கடல்தான் அவர்களைக் கரையில் வீசியது. அவர்கள் பாறையை அடைந்தபோது ஆடுகள் வடக்குக் குழிவில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றிருந்தன. கிழட்டுக் கிடா ஒன்று இறங்க மாட்டேன் என்று பாறையில் குளம்பை ஊன்றியது. இலியாவும் கிர்ஸ்தோவும் ஆளுக்கு இரண்டு காலாகத் தூக்கிப் படகில் போட்டார்கள். கடைசி ஆட்டை ஏற்றி முடித்தபோது குழிவுக்குள் முதல் அலை வந்து நிறைந்தது.

கரையில் யாரும் இல்லை. நாற்பது நாள் தாடியை எடுக்க நாவிதர் கடையில் வரிசை வளைந்து தெரு முனைவரை நின்றது. தள்ளிப்போட்ட கல்யாணங்களுக்குத் தேதி குறிக்க மற்றவர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். படகுத்துறையில் டாக்டர் பிளாகோத்தா மட்டும், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நனைந்தபடி நின்றார். கிர்ஸ்தோ ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். பதினொன்றும் இருந்தன. இயக்குநர் பக்கத்தில் வந்து ஒரு ஆட்டின் முதுகில் கை வைத்தார். ஆடு நகர்ந்துகொண்டது.

“நாளைக்கு ஆபீஸை இழுத்து மூடிருவாங்க, கிர்ஸ்தோ,” என்றார். மேடைக் குரல் இல்லை, சாதாரணக் குரல். “நூத்தி எட்டு பேரு. ஆறாத் துயரத்துல எல்லாம் இப்பத்தான் சேர்ந்தவங்க.”

கிர்ஸ்தோவுக்குப் பாவமாக இருந்தது. அடுத்து ஏதாவது வரும் என்று மட்டும் சொன்னான்.

இயக்குநர் நிமிர்ந்தார். கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டது. மழையா என்னவென்று தெரியவில்லை.

“இந்தப் பக்கம் வேற பாறை ஏதாவது இருக்கா? சின்னதா இருந்தாலும் பரவால்ல. பேர்கூட வேணாம், நாங்க வச்சுக்கறோம்.”

முனையைச் சுற்றிக்கொண்டு போனால், அலைக்கு மறைவாக, முயல் திட்டு இருக்கிறது. அதில் ஒரு சுனை உண்டு, தண்ணீர் சுமக்க வேண்டியதே இல்லை. இந்த மழைக்குப் புல் முழங்கால் உயரம் வரும். கோலாச் போய்விட்டதால் அடுத்த கோடையில் ஆடுகளை அங்கேதான் விடவேண்டும் என்று திரும்பி வரும் வழியில்தான் அவன் நினைத்திருந்தான்.

கிர்ஸ்தோ கடலைப் பார்த்தான். பிறகு இயக்குநரின் முகத்தைப் பார்த்தான். அதில் அதற்குள்ளாகவே பாசம் பொங்க ஆரம்பித்திருந்தது.

“இல்ல டாக்டர்,” என்றான். “அதுக்கப்புறம் வெறும் தண்ணிதான்.”

கிழட்டுக் கிடாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஆடுகளை மேட்டுப் பாதையில் திருப்பிவிட்டான்.